விமானம் ஏறும் வரை பெரியப்பா

"இன்னும் ஒரே ஒரு வாய்ங்க பெரியப்பா. எங்களுக்காகக் குடிங்க."

ஆட்டுக்கால் சூப்பை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தாள் புவனா. கட்டிலின் மறுமுனையில் அவள் கணவன் தீபக், பெரியப்பா பாலுசாமியின் பாதங்களைத் தைலம் போட்டு நீவிக்கொண்டிருந்தான்.

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பழனியாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெத்த புள்ளைக கூட இப்படிப் பாக்காதுங்க. தெனமும் கோயமுத்தூர்ல இருந்து கருமத்தம்பட்டிக்கு வந்து போறீங்களே தம்பி, இந்த மனசு ஆருக்குங்க வரும்?"

தீபக் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த தலைக்குள் ஓடியதெல்லாம் ஜப்பான்.

கல்யாணமான நாளிலிருந்து போட்ட திட்டம். செர்ரி மரங்கள் பூத்துக் குலுங்குகிற அந்தக் கொஞ்ச நாளைக் குறிவைத்து ஹோட்டல் பிடித்து, ரத்து செய்தால் காசு திரும்பாத டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. விசா வந்த சந்தோஷத்தில் புவனா அதைப் பயணத் தேதியோடு ஸ்டேட்டஸில் போட்டாள். அன்று சாயங்காலமே பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

"ஊர்க் கண்ணு பட்டுருச்சுங்க" என்று உடனே ஸ்டேட்டஸை அழித்தாள் புவனா.

பெரியப்பாவுக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. தம்பி மகன்களான பெருந்துறை நஞ்சுண்டன், தீபக், திருப்பூர் யஷ்வந்த் மூன்று பேர்தான் எல்லாம். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் கருமாதி முடியும் வரை மூவரில் ஒருவரும் எங்கும் நகர முடியாது. நகர்ந்தால் சொந்தபந்தம் ஆயுசுக்கும் வாயில் போட்டு மெல்லும். செர்ரிப் பூவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குப் பூத்து உதிர்ந்துவிடும்.

ஆகவே பெரியப்பா உயிரோடு இருந்தே தீர வேண்டும். பதினெட்டாம் தேதி விமானம் ஏறும் வரைக்குமாவது.

ஈசிஜி, ஸ்கேன் என்று எல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டர், "ஒண்ணுமே தெரியலீங்களே" என்று கையை விரித்தார். தீபக் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். டாக்டருக்கே பிடிபடவில்லை என்றால் எவ்வளவு பெரிய வியாதியாக இருக்கும்!

"வேற என்னுங்க பெரியப்பா வேணும்? கூச்சப்படாமச் சொல்லுங்க" என்றான் வீட்டுக்கு வந்ததும்.

"நாக்கு செத்துப்போச்சு கண்ணு. பள்ளிபாளையம் சிக்கன் ரெண்டு துண்டு கெடைச்சா..."

"காரம் ஆகாதுன்னு டாக்டரு சொன்னாருங்களே."

"அப்ப வேண்டாம் உடு சாமி. போற உசுரு, எதைத் தின்னா என்ன, திங்காட்டி என்ன."

அவர் முடிப்பதற்குள் தீபக் கார் சாவியை எடுத்துவிட்டான்.

மறுநாள் மூச்சு வாங்கியது. "சாய்ஞ்சு உக்காந்தா சித்த நல்லா இருக்குது. போன வருசமும் இப்படித்தான் கண்ணு. நஞ்சுண்டன் சிங்கப்பூர் போறதுக்கு முன்னால இந்த ஏசிய மாட்டிக் குடுத்துட்டுப் போனான். அதுலதான் பொழைச்சுக் கெடக்கறேன்."

சாயங்காலமே சாய்வு சோபா வந்து இறங்கியது. பட்டனை அமுக்கினால் கால் தானாக மேலே வரும் ரகம். ஜப்பானில் வாங்க நினைத்திருந்த கேமரா அதோடு போயிற்று.

தினமும் அவர் தவறாமல் கேட்டது ஒன்றே ஒன்று. "இன்னிக்கு என்ன தேதி கண்ணு?"

"பாவம், நெனப்பு தப்புதுங்க" என்று புவனா கணவனின் காதில் கிசுகிசுத்தாள்.

பதினேழாம் தேதி காலையில் அதிசயம் நடந்தது. பெரியப்பா தானே எழுந்து, தானே குளித்து, ஐந்து இட்லி சாப்பிட்டார். தீபக் அண்ணாந்து பார்த்துக் கடவுளுக்கு நன்றி சொன்னான்.

"ஆபீஸ் வேலையா பெங்களூர் வரைக்கும் போயிட்டு வாரோமுங்க. வர கொஞ்ச நாளாகுமுங்க" என்று இருவரும் காலில் விழுந்தார்கள்.

"பயப்படாமப் போயிட்டு வாங்க கண்ணு. இனி எனக்கு ஒண்ணும் ஆகாது."

தீபக்குக்கு உண்மையாகவே கண் கலங்கியது. டிக்கெட்டுக்காக ஆரம்பித்ததுதான், ஆனாலும் நீவிய பாதத்தின் மேல் பாசம் வந்து தொலைத்துவிட்டது. "பாவமுங்க அவரு, வெகுளி. திரும்பி வந்ததும் உண்மையச் சொல்லிப்போடலாம்" என்று காரில் புவனாவும் மூக்கை உறிஞ்சினாள்.

கார் தெருமுனை திரும்பும் வரை கையாட்டிவிட்டு உள்ளே வந்தார் பெரியப்பா. ஏசியைக் கூட்டி வைத்தார். சோபாவில் உட்கார்ந்து பட்டனை அமுக்கினார். கால் மேலே வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனில் சொந்தக்காரர்களின் ஸ்டேட்டஸை ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

திருப்பூர் யஷ்வந்தின் படத்தில் விரல் நின்றது. இரண்டு பாஸ்போர்ட், ஒரு தென்னை மரம், கீழே 'பாலித் தீவு, இதோ வருகிறோம்' என்ற வரி.

பெரியப்பா தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டார். நம்பரை அழுத்தி, அந்தப் பக்கம் "சொல்லுங்க பெரியப்பா" என்ற குரல் வந்ததும் இரண்டு முறை இருமினார்.

"நெஞ்சை அடைக்குது கண்ணு... இன்னிக்கு என்ன தேதி?"