வேலாத்தாவின் சாணம்

வேலாத்தா என்ற எருமை தினமும் படுப்பது புங்க மரத்து நிழலில்தான். ஒரு நாள் மரம், "மழை முடிஞ்சதும் என்னை விறகுக்கு வெட்டப் போறாங்களாம்" என்றது.

அன்று வேலாத்தாவுக்கு வைக்கோல் இறங்கவில்லை.

மழை முடிவதற்குள் வீட்டுக்காரி சாண எரிவாயுத் தொட்டி கட்டினாள். இத்தனை நாள் குப்பைக்குழியில் கிடந்த வேலாத்தாவின் சாணத்திலிருந்து கிளம்பி, வானத்தில் கலந்து பூமியைச் சூடாக்கிய வாயு, இப்போது குழாய் வழியே அடுப்புக்குப் போனது. நீலச் சுடரில் சோறு பொங்கியது. கோடாலி வரவே இல்லை.

"உன்னைக் காப்பாத்தினது யாருன்னு தெரியுமா?" என்று வேலாத்தா தலையை நிமிர்த்திக் கேட்டாள்.

"தெரியும் ஆத்தா. காலையிலிருந்து ஏழு தடவை சொல்லிட்டே."

"பரவாயில்லை, இன்னொரு தடவை கேளு" என்று சாய்ந்து படுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.