இறங்கி வராத பேராசிரியர்

பத்து மணிக்குள் பேராசிரியரை நிதியமைச்சர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைக்காவிட்டால், உதவிச் செயலாளரின் பதவி உயர்வு அம்பேல். வளரும் நாடுகளில் அரசு முதலீடெல்லாம் ஏன் பாதியில் நிற்கிறது என்று பேராசிரியர் கண்டுபிடித்திருந்தார். அதைக் கேட்கத்தான் அமைச்சர் காத்திருந்தார்.

"அவர் இறங்கி வரமாட்டார் தம்பி" என்றார், கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பேராசிரியரின் மனைவி.

"அமைச்சரே கூப்பிடுறார்மா!"

மாடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "வேணும்னா அமைச்சரை இங்க வரச் சொல்லுங்க!"

உதவிச் செயலாளருக்கு வியர்த்தது. படித்தவர்களின் திமிர் அவருக்குப் பழக்கம்தான். ஆனால் இது வானத்தை முட்டுகிற திமிர்.

"சார், வாசல்ல கார் நிக்குது. நீங்க என்ன சொன்னாலும் அமைச்சர் கேப்பார்."

"ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். ஆரம்பிச்சதை முடிக்காம அடுத்ததுல கை வைக்கக் கூடாது. எந்த அரசாங்கத்துக்கும் இந்தப் புத்தி கிடையாது!"

"அதை அங்க வந்து சொல்லுங்க சார்!"

காலில் விழுந்தாவது அழைத்துப் போய்விடலாம் என்று, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார் உதவிச் செயலாளர்.

படியைக் காணோம். மணல் குவியலும், அதில் குத்திட்டு நின்ற நாலு கம்பியும்தான் இருந்தன.

"பழைய படியை இடிச்சாச்சு. புதுசு முடியறதுக்குள்ள, மாடியில நூலகம் கட்டச் சொன்னார். இவர் மேல நிக்கும்போதே கொத்தனார் கோவிச்சுக்கிட்டு ஏணியோட போயிட்டார்" என்றார் மனைவி.

மேலே, கோட்டும் டையுமாகப் பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.

"அமைச்சர் வரும்போது ஏணி ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லுங்க தம்பி."