ஜமுனா கொடுத்த புகார்

"பெத்த புள்ளைய போலீஸ்ல புடிச்சுக் குடுத்துட்டா உம் பொண்டாட்டி. இவல்லாம் ஒரு அம்மாவா?"

படகு கரை ஏறியதுமே ஓடி வந்து சொன்னாள் பக்கத்து வீட்டு குப்பம்மா.

சகாதேவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்க பிரசாந்தையா? இன்னா பண்ணான்?"

"இன்னா பண்ணா இன்னா? ஊர்ல நாலு பேரை வெச்சுப் பேசினா முடிஞ்சிருக்கும். ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டாளாம்."

வலையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, யாரோ ஒருவரின் பைக்கில் தொற்றிக்கொண்டு, ஈரத் துணியோடு ஸ்டேஷனுக்குப் போனான்.

அங்கே பார்த்தது இன்னும் குழப்பியது.

பெஞ்சில் பிரசாந்த் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பதினேழு வயசு, மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. பக்கத்தில் ஜமுனா. வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. இடது கையால் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து மகன் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்டுடா. காலையிலேர்ந்து வெறும் வயிறு."

புகாரும் கொடுத்துவிட்டு இட்லியும் வாங்கிக் கொடுக்கிறாளே, இவளுக்குப் பைத்தியமா?

"இன்னாமே ஆச்சு?"

"பைக் சாவி கேட்டான். லைசென்ஸ் இல்ல, தர மாட்டேன்னேன். கையை முறுக்கிப் புடுங்கினான். எலும்பு ஒடிஞ்சுபோச்சு."

சகாதேவன் மகன் மேல் பாய்ந்தான். ஓங்கிய கையை எஸ்.ஐ. மாலதி பிடித்துக்கொண்டார்.

"இங்க அடிக்கக் கூடாது. வீட்லயும் கூடாது. சின்னப் பையன்னு எச்சரிச்சு அனுப்புறேன். வாராவாரம் சனிக்கிழமை கவுன்சலிங் வரணும். அம்மா, அப்பா ரெண்டு பேரும் கூட வரணும்."

"நான் இன்னாத்துக்கு மேடம்? அடிச்சது அவன்தானே?"

எஸ்.ஐ. குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

சகாதேவன் ஜமுனாவை வெளியே அழைத்துவந்தான். யார் மேல் கோபப்படுவது என்றே அவனுக்குப் புரியவில்லை.

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"ரெண்டு வாட்டி சொன்னேன். போன் குடுக்கலைன்னு கன்னத்துல அறைஞ்சப்போ சொன்னேன். சோத்துத் தட்டை மூஞ்சில வீசினப்போ சொன்னேன். வயசுக் கோளாறு, போகப் போக சரியாயிடும்னு நீதான் சொன்னே."

அவன் அப்படிச் சொன்னது வாஸ்தவம்தான்.

"அதுக்காக போலீஸா? நான் ரெண்டு போடு போட்டா அடங்கிடுவான்."

"ஸ்கூலுக்குப் போகலைன்னு போன மாசம் போட்டியே, அடங்கினானா?"

சகாதேவன் குரலைத் தாழ்த்தினான். "ஏமே, வெளிய தெரியாம வெச்சுக்கினா நாளைக்கு அவனுக்கு நல்ல எடத்துல பொண்ணு அமையும். இனிமே எவன் குடுப்பான்?"

ஜமுனா ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். பிரசாந்த் ஒரு வாய் இட்லியைப் பிட்டு, கையில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தான். அவள் கண்ணும் கலங்கியது.

"நான் மட்டும் சந்தோசமாவா வந்தேன்? திரும்பிப் போயிடலாம்னு பாதி வழியில பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன். அடுத்த பஸ்ஸப் புடிச்சுத்தான் வந்தேன்."

"அப்பவே திரும்பியிருக்கலாமே! யாருக்காகமே வந்தே?"

"அவனைக் கட்டிக்கப் போறவளுக்காக."

"இன்னா சொல்றே? ஒண்ணும் புரியல."

ஜமுனா அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"கல்யாணமான மூணாவது மாசம் நீ என்னை அடிச்சே. எம் முதுகுல எண்ணெய் தடவிக்கினே உங்கம்மா அழுதுச்சு. இவன் வயசுல நீ அதோட தோளை ஒடிச்சியாம். படகுல வழுக்கி விழுந்துட்டேன்னு அது ஊரெல்லாம் சொல்லிச்சாம். அதனாலதான், நல்ல பையன்னு நம்பி எங்க நைனா என்னை உனக்குக் குடுத்துட்டாரு."