ஜன்னலுக்குக் கீழே ஈரம்

“மறுபடியும் கசியுது, வலேரியன் சார்” என்று யாத்விகா சொன்னதும், வலேரியனுக்குத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. மூன்று மாடி ஏறிய முழங்கால் வேறு விண்விண் என்று தெறித்தது.

ஜன்னலுக்குக் கீழே அதே செங்கல் சுவர், அதே இடம், தட்டு அகலத்துக்கு ஈரம். போலந்தின் வூச் நகரத்தில் பழைய நூற்பாலைகளையெல்லாம் அலுவலகங்களாக மாற்றிவிட்டார்கள். அந்தச் சுவர்களோடு மல்லுக்கட்டியே வலேரியனின் காலம் ஓடிவிட்டது. ஆனால் இந்தச் சுவர் போல எதுவும் அவரைப் படுத்தியதில்லை.

என்னதான் செய்யவில்லை? வெளியே செங்கல் இடுக்குகளைச் சுரண்டிப் புதுக்கலவை பூசினார். மழைநீர்க் குழாயை மாற்றினார். வெளிப்பக்கம் அரை நாள் தண்ணீர் பீய்ச்சியும் பார்த்தாயிற்று; உள்ளே ஒரு சொட்டு வரவில்லை.

கைபேசி அடித்தது. கட்டடப் பழுது பார்க்கும் கம்பெனியின் முதலாளி பர்தோஷ், மகன் வயதுக்காரன்.

“என்ன பெரியவரே, இன்னிக்காவது கண்டுபிடிப்பீங்களா, இல்ல டீ குடிச்சிட்டுத் திரும்பிடுவீங்களா? இன்னிக்கும் இல்லேன்னா வேற ஆள அனுப்பிடுவேன். நீங்க வீட்ல உக்காந்து ஓய்வெடுங்க.”

ஓய்வு என்றதும் அவருக்கு வீடுதான் ஞாபகம் வந்தது. மனைவி போனபிறகு அந்த வீட்டில் பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லை.

யாத்விகா ஜன்னலோரம் வாடித் தொங்கிய செடிக்குப் பக்கத்தில் இருந்த பூவாளியை நகர்த்திவிட்டு, எலுமிச்சை டீயையும் கசகசா கேக்கையும் வைத்தாள். மாடியிலிருந்த மற்ற எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகிவிட்டார்கள். வரவேற்பு மேஜையில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

“அந்தப் பையன் திட்டுறானா?”

“இன்னிக்குக் கண்டுபிடிக்கலேன்னா என் சீட்டு கிழிஞ்சிடும் மேடம்.”

“அய்யய்யோ… இதுக்குப் போய் வேலைய விட்டு எடுப்பாங்களா?”

வலேரியன் முனகிக்கொண்டே மண்டியிட்டுச் சுவரைத் தடவினார். செங்கலுக்குள் ஊறி வரும் தண்ணீராக இருந்தால் இத்தனை நாளில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். இங்கே அது துளியும் இல்லை.

ஜன்னல் விளிம்பைப் பிடித்து எழுந்தவர், பூவாளி இருந்த இடத்தில் வட்டமாக ஈரம் இருந்ததைப் பார்த்தார்; பக்கத்துச் செடியின் மண்ணோ காய்ந்து கிடந்தது. உட்கார்ந்து டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு முதலாளியை அழைத்தார்.

“கண்டுபிடிச்சிட்டேன் தம்பி. ஆனா ஒரே நாள்ல தீர்ற விஷயமில்ல. வாராவாரம் வந்து பாக்கணும். இந்தச் சுவரோட குணம் தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கணும். புது ஆள் வந்தா காரியம் கெட்டுடும்.”

“அப்பாடா! அப்ப நீங்களே பாத்துக்கோங்க” என்று பர்தோஷ் இணைப்பைத் துண்டித்தான்.

யாத்விகா தட்டை எடுக்க மறந்து நின்றாள். “நிஜமாவா? எங்கேர்ந்து வருதாம்?”

வலேரியன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

“அடுத்த வியாழக்கிழமை வர்றேன். அதுக்குள்ள அந்தப் பூவாளித் தண்ணிய கொஞ்சம் செடிக்கும் ஊத்துங்க மேடம்.”