நிறுத்தலாமா, காத்திருக்கலாமா

ஓர் அப்பாவின் விலை இங்கே இருபது வினாடி, பேரம் கிடையாது. டிவியில் ஓடும் வீடியோ கேமில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் அப்பாவின் மூச்சு இயந்திரத்தை நிறுத்தலாமா, காத்திருக்கலாமா என்று இருபது வினாடி கெடு வைத்துத் திரை கேட்கிறது. பச்சை வெளிச்சம் அம்மா, மகள் இருவர் முகத்திலும் துடிக்கிறது. ஒப்பணக்கார வீதிக் கடையில் சேலைக்கு ஐம்பது ரூபாய் குறைக்கவே அரைமணி பேசும் விமலாராணி திரையில் குறையும் வினாடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். போன வருடம் கணவர் ஜோஸுக்காக டாக்டர் இதையே கேட்டபோது, நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் அவள். மகள் லின்சியின் கட்டைவிரல் ‘நிறுத்து’ என்பதை அழுத்துகிறது. மூச்சுச் சத்தம் அடங்குகிறது. மின்விசிறி மட்டும் கேட்கிறது. பிறகு திரையில் கணக்கு வருகிறது: விளையாடியவர்களில் நிறுத்தியவர்கள் நூற்றுக்கு அறுபத்து மூன்று பேர். “பாருங்கம்மா, பாதிக்கு மேல நீங்க செஞ்சதத்தான் செஞ்சிருக்காங்க.” விமலாராணி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “மிச்சம் முப்பத்தேழு பேரு ஊட்ல அவரு இன்னும் மூச்சு உட்டுட்டு இருக்காரு, கண்ணு.”