ஆள் உயரச் செடி

"அது வேண்டாம். பூத்துத் தொலைக்கும்" என்றாள் வீட்டுக்காரம்மா.

தோட்டக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருடமாகச் செடி விற்கிறார். பூக்கும் என்பதற்காக ஒரு செடியை யாரும் ஒதுக்கிப் பார்த்ததில்லை. வண்டியிலிருந்து இறக்கிய மல்லிகைக் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"கொடி செவுரு தாண்டி அந்தப் பக்கம் தொங்கும். அவ நோகாம பறிச்சுத் தலையில வச்சுக்குவா" என்று விளக்கமும் கொடுத்தாள்.

'அவ' என்றால் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டு ஆண்களும் கூட்டாக அச்சகம் நடத்தியவர்கள். பெயர்ப் பலகையில் யார் பெயர் முதலில் வருவது என்று ஆரம்பித்த பேச்சு, சட்டையைப் பிடிக்கும்வரை போய், அச்சகமே இரண்டாகிவிட்டது.

அடுத்த வாரமே இந்த வீட்டுக்காரர் நடுவில் ஏழடிச் சுவரை எழுப்பிவிட்டார். ஆத்திரத்தில் கட்டிய சுவர் எப்படி இருக்கும்? பூச்சு இல்லாமல், செங்கல்லுக்கு நடுவே சிமெண்ட் பிதுங்கிக்கொண்டு, பார்க்கவே கண்ணை உறுத்தியது. அதை மறைக்கத்தான் இப்போது செடியும் கொடியும்.

வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். காகிதப்பூச் செடியை வரிசையாக வைக்கச் சொன்னார். முள் நன்றாக நீளமாக இருக்க வேண்டுமாம்.

"முள்ளு வேண்டாங்க. அதுல பாதி நாள் இலையே இருக்காது. செவுரு தெரியும். செவுத்தப் பார்த்தா அவ ஞாபகம் வரும்" என்று வெட்டினாள் அம்மா.

வீட்டுக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. சண்டை போட்ட தன்னைவிட மனைவிக்குத்தான் கொதிப்பு அதிகம் என்று தோட்டக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அந்தப் பக்கத்தோடு தன் வீட்டில் ஒருத்தர் முகம் கொடுத்துப் பேசியது காதில் விழுந்தாலும் சரி, மறுநாளே வீட்டை விற்றுவிட்டுக் கண்காணாத இடத்துக்குக் குடும்பத்தோடு போய்விடுவாராம். வெறும் வாய்ச்சவடால் இல்லை. புரோக்கர் இரண்டு தடவை வந்து வீட்டை அளந்துகொண்டு போயிருக்கிறார். பக்கத்து வீட்டு ஆளும் இதே சபதம் போட்டிருப்பதாகக் கேள்வி.

கடைசியில் அம்மா சொன்னதுதான் நின்றது. சுவரில் பூக்காத கொடி, அதற்கு முன்னால் குரோட்டன்ஸ் வரிசை. அதுவும் கன்றாக இருக்கக் கூடாது, ஆள் உயரத்தில், இன்றைக்கே சுவரை மறைக்கிற மாதிரி அடர்த்தியாக வேண்டும் என்றாள். வேர் சுவரைப் பிளந்துவிடும் என்று சொல்லி, குரோட்டன்ஸை இரண்டடி தள்ளி நடவைத்தாள். விவரமான பொம்பளைதான் என்று தோட்டக்காரர் நினைத்துக்கொண்டார்.

கொடி ஏறுவதற்குக் கம்பி கட்ட, சுவரில் முதல் ஆணியை அடித்ததுதான் தாமதம். எதன்மேலோ ஏறி நின்ற பக்கத்து வீட்டுக்காரியின் தலை சுவருக்கு மேலே முளைத்தது.

"தோட்டக்காரரே, எங்க வீட்டுப் பாத்திரமெல்லாம் ஆடுது. குடும்பமாச் சேர்ந்து இடிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாங்களான்னு அந்தம்மாவைக் கேளுங்க."

"கழுவாத பாத்திரம் ஆடினா என்ன, உடைஞ்சா என்னன்னு சொல்லுங்க தோட்டக்காரரே."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. இவள் அவளுடைய சமையலை இழுத்தாள்; அவள் இவளுடைய நடையை இழுத்தாள். துணி காயப்போடும் அழகு, கோலம் கெட்ட கொண்டை, குறட்டை என்று எதுவும் மிச்சமில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசாமல், எல்லாவற்றையும் தோட்டக்காரர் தலையிலேயே கொட்டினார்கள்.

பாவம், சண்டை என்றாலே ஒதுங்கிப் போகிற மனிதர். "விடுங்கம்மா, அக்கம்பக்கத்துல..." என்று வாயைத் திறந்தார். உன் வேலையைப் பார் என்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே குரலில் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் கட்டிய கம்பி ஒன்றுகூட நேராக இல்லை.

வீட்டுக்காரர் வயிறு குளிர அச்சகத்துக்குக் கிளம்பினார். மதியத்துக்குள் நடவு முடிந்தது. கடைசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, இனி இந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று வண்டியைக் கிளப்பினார் தோட்டக்காரர். பச்சைச் செடியை வைத்துக்கூட மனிதர்கள் இப்படிப் பகை வளர்ப்பார்களா என்று மனசு ஆறவே இல்லை.

தெருமுனை தாண்டியபோதுதான் கிளை வெட்டும் கத்தரியைச் செடிக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தது உறைத்தது. தலையெழுத்தே என்று திரும்பினார்.

கேட் சும்மா சாத்தியிருந்தது. இரண்டு தடவை "அம்மா" என்று கூப்பிட்டும் பதிலில்லை. எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று குரோட்டன்ஸ் இலைகளை மெதுவாக விலக்கினார்.

செடிக்கும் சுவருக்கும் நடுவே அந்த இரண்டடிச் சந்தில், முக்காலி போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் வீட்டுக்காரம்மா. சுவரிலிருந்து உருவிய செங்கல் ஒன்று அவள் காலடியில் கிடந்தது. காலையில் நாராசமாகக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரியின் அதே குரல், இப்போது அந்த ஓட்டை வழியாகக் கிசுகிசுத்தது:

"இன்னைக்குத் திட்டினது பத்தலைக்கா, எங்க வீட்டுக்காரர் ஒரு மாதிரியா பார்க்கிறார். நாளைக்கு எங்கம்மாவையும் சேர்த்துத் திட்டிடுங்க."