வக்கீலின் இடது காது

நடுப்பகல் வெயில் கடைக்குள் நுழைந்து, சுவர் நிறைய மாட்டியிருக்கும் மூக்குக்கண்ணாடிகளில் எல்லாம் பளபளக்கிறது. கண்ணாடிக் கடைக்காரர் புதுக் கண்ணாடியின் காதுக் கம்பியைச் சூடு காட்டி வளைத்துக்கொண்டிருக்கிறார். எதிரே வக்கீலின் மனைவி. காணாமல் போனவர்களுக்காக வழக்குப் போட்ட வக்கீலையே பதினோரு நாளுக்கு முன் ராணுவ வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய கண்ணாடி வாசற்படியில் நொறுங்கிக் கிடந்தது. “காதைப் பாக்காம வளைக்கிறது, ஆளில்லாம முடி வெட்டுற மாதிரிம்மா. சாருக்கு இடது காது கொஞ்சம் மேல. ஊர் அழுகையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தூக்கிக்கிச்சுன்னு கிண்டல் பண்ணுவேன்.” சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். அவளோ சிரித்துவிடுகிறாள். “இன்னும் மேலண்ணே, இங்க,” என்று, எதிரே முகம் இருப்பதுபோல் காற்றில் விரல் வைத்துக் காட்டுகிறாள். வெளியே ராணுவ லாரிகள் போகின்றன. சுவரில் கண்ணாடிகள் கிடுகிடுத்து ஓய்கின்றன.

கண்ணாடியைக் கூட்டில் வைத்து மூடி, மேலே பெயர் எழுதப் பேனாவைத் திறக்கிறார். “பேர் வேண்டாம்ண்ணே. ராணுவ முகாம் வாசல்ல பேரைச் சொன்னாலே, அப்படி யாரும் இங்க இல்லைன்னு விரட்டுறாங்க.”

“அப்போ என்னன்னு எழுதட்டும்மா?”

“பவரை எழுதுங்க. உள்ள யார் கண்ணுக்குச் சேருதோ அவருக்குக் குடுங்கன்னு கெஞ்சிப் பாக்கிறேன்.”

மைனஸ் ஆறரை என்று எழுதுகிறார்.

“இது அவருக்கு மட்டும்தானேண்ணே சேரும்?”

“வேற யார் போட்டாலும் தலை சுத்தி விழுந்துடுவாங்கம்மா,” என்று அடித்துச் சொல்கிறார், இதே பவரில் ஊருக்குள் நாலு பேருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவர்.